சுவரோடு ஒட்டிய புத்தக அலுமாரி: வெள்ளவத்தை வீடொன்றில் நடந்தது

பின்னணி

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கை. அங்கே ஓர் அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியை, மகள், மருமகன், நாலு வயதுப் பேரன். கொட்டாஞ்சேனையில் இருந்த பழைய வீட்டை விட்டு வந்தபோது லொறியில் முதலில் ஏறியது ரீச்சரின் புத்தகங்கள்தான். பதினெட்டுப் பெட்டி. பல புத்தகங்கள் அவர் கணவர் தன் கையாலேயே பைண்ட் செய்தவை.

அந்தப் புத்தகங்களுக்காக மருமகன் டிசம்பரில் இரண்டு அலுமாரி வாங்கினார். பலகை பலகையாகப் பெட்டியில் வந்து வீட்டில் நாமே பொருத்திக்கொள்ளும் வகை. உயரம் 180 சென்ரிமீற்றர், அகலம் 80, ஆழம் 30. மெலமைன் ஒட்டிய 16 மில்லிமீற்றர் சிப்போர்ட் (மரச் சீவலை அழுத்திச் செய்த) பலகை, பின்பக்கத்துக்கு 3 மில்லிமீற்றர் ஹார்ட்போர்ட்.

நான் வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் வீடுகளுக்குப் போய்த் தளபாடம் பொருத்திக் கொடுக்கிறவன். இந்த வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டது ஓகஸ்ட்டில். அதற்கு முன் நடந்ததை அவர்கள் சொல்லிக் கேட்டும், சுவரிலும் பலகையிலும் இருந்த அடையாளங்களைப் பார்த்தும் எழுதுகிறேன். குடும்பத்தின் சம்மதம் இருக்கிறது. இதே மாதிரி அலுமாரியும் இதே மாதிரி சுவரும் கொழும்பில் எத்தனையோ வீடுகளில் இருப்பதால்தான் எழுதுகிறேன்.

முதல் பொருத்தல்

ரீச்சருக்கு ஒரே ஒரு நிபந்தனை. "சுவரோட ஒட்டி நிக்க வேணும். பின்னாலை இடைவெளி இருந்தா பல்லியும் கரப்பானும் குடியேறிடும், தம்பி" என்று என்னிடமும் அதையே சொன்னார். நியாயமான ஆசைதான்.

அலுமாரிகளை வைத்த இடம் ஹோலின் மேற்குச் சுவர். அது வெளிச்சுவர். அதற்கு அப்பால் நேரே கடற்காற்று. சுவரின் அடியில் தரை ஓட்டிலேயே 10 சென்ரிமீற்றர் உயரத்துக்கு ஸ்கேர்ட்டிங் ஒட்டியிருக்கிறது. சுவரிலிருந்து அது 11 மில்லிமீற்றர் வெளியே தள்ளி நிற்கிறது. அலுமாரியின் அடி அந்த ஸ்கேர்ட்டிங்கில் முட்டி நின்றுவிட்டது. கூடவே தரையும் சுவரிலிருந்து ஹோலின் உட்பக்கம் கொஞ்சம் சரிவு. அலுமாரியின் ஆழத்துக்குள், அதாவது 30 சென்ரிமீற்றருக்குள், 3 மில்லிமீற்றர் இறக்கம்.

மூன்று மில்லிமீற்றர் என்றால் யாரும் கவலைப்படமாட்டார்கள். ஆனால் உயரம் ஆழத்தைப் போல ஆறு மடங்கு. கீழே ஒரு மில்லிமீற்றர் சரிந்தால் மேலே ஆறு மில்லிமீற்றர் சரியும். ஆகவே அலுமாரியின் தலை 18 மில்லிமீற்றர் முன்னுக்குச் சாய்ந்தது. ஸ்கேர்ட்டிங்கின் 11-ஐயும் சேர்த்தால் மேலே சுவருக்கும் அலுமாரிக்கும் இடையில் 29 மில்லிமீற்றர். இரண்டு விரல் தாராளமாகப் போகும்.

அலுமாரியின் தலையைச் சுவரோடு பிணைக்கப் பெட்டியில் எல் பிராக்கட் வந்திருந்தது. மருமகன் அந்த இடைவெளியை பிராக்கட்டின் ஸ்குரூவை முறுக்கி முறுக்கி மூடினார். தலை சுவரில் முட்டியது, பார்வைக்கு ஒட்டியே நின்றது. முன்பக்கக் கால் மட்டும் தரையிலிருந்து கிட்டத்தட்ட 5 மில்லிமீற்றர் தூக்கி நின்றது. அதற்குள் பால்மாப் பெட்டி அட்டையை நாலாக மடித்துச் செருகினார். பிறகு புத்தகங்களை அடுக்கினார்கள்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பெட்டிக்குள் இருந்த படத்தாளில் சுவர் நேராக, தரை மட்டமாக, ஸ்கேர்ட்டிங் இல்லாமல் இருக்கிறது. பெட்டியில் வந்த பிளாஸ்ரிக் ரோல் பிளக், அதாவது ஸ்குரூ பிடிக்கச் சுவர்த் துளைக்குள் செருகும் உறை, 25 மில்லிமீற்றர் நீளம். அவர் படத்தில் இருந்தபடியே செய்தார்.

ஜூலையில் நடந்தது

மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியது. கொழும்பில் அது செப்டெம்பர் வரை போகும், மழை கடற்பக்கத்திலிருந்து சுவரில் சாய்ந்து அடிக்கும். ஜூனில் ஹோலில் ஒரு புளித்த வாடை வந்ததாக மகள் சொன்னார். குசினிக் குப்பை வாளி என்று நினைத்திருக்கிறார்கள்.

ஜூலை நடுப்பகுதியில் ஒரு பின்னேரம், பேரன் மூன்றாம் தட்டில் இருந்த தன் கிறெயோன் டப்பாவை எடுக்க அடித்தட்டில் காலை வைத்து ஏறினான். இடது பக்க பிராக்கட்டின் ஸ்குரூ பிளக்கோடு சேர்ந்து கழன்று வந்தது. அலுமாரி முன்னுக்கு வந்து, தூக்கி நின்ற கால்கள் தரையில் இடித்தன. மேல் இரண்டு தட்டுப் புத்தகங்களும் கொட்டின. வலது பக்கப் பிளக் பாதி வெளியே வந்து அப்படியே பிடித்துக்கொண்டது. சாய்கதிரையில் இருந்த ரீச்சர் எட்டிப் பிள்ளையின் சட்டையைப் பிடித்து இழுத்தார். காலில் ஒரு சிராய்ப்போடு போயிற்று.

இரண்டு பிளக்கும் கழன்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. 2016-இல் அமெரிக்காவில் ஐகியா என்ற தளபாட நிறுவனம் 2 கோடியே 90 லட்சம் இழுப்பறை அலுமாரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. சுவரில் பிணைக்காமல் நின்றவை சரிந்து விழுந்து குழந்தைகள் இறந்ததுதான் காரணம். பெட்டியில் வரும் அந்தச் சின்ன பிராக்கட் உயிரைக் காக்கிற சாமான். அதைப் போட்டாயிற்றா என்று மட்டும் பார்த்தால் போதாது, எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

பார்த்தவை

நான் போனபோது புத்தகமெல்லாம் கட்டிலின் மேல் இருந்தது. வெறும் அலுமாரியை முன்னுக்கு நகர்த்திப் பின்பக்கத்தைப் பார்த்தேன். ஹார்ட்போர்ட்டில் இடுப்பளவு உயரம் வரை சாம்பலும் பச்சையுமாகப் பூஞ்சணம். கை வைத்தால் ஈரமான பிஸ்கட் போல அமிழ்ந்தது. பைண்ட் செய்த புத்தகங்களில் ஒன்பதின் முதுகுத் துணியில் வெள்ளைப் புள்ளி பிடித்திருந்தது.

கழன்ற பிளக்கை ரீச்சர் ஒரு வெற்றிலைத் தட்டில் எடுத்து வைத்திருந்தார். அதன் பல்லிடுக்கில் ஒட்டியிருந்த தூள் முழுவதும் சாம்பல் நிறம். செங்கல்லின் சிவப்பு ஒரு துளிகூட இல்லை. சுவர் ஓட்டைக்குள் கம்பியை விட்டு அளந்தேன். பிளக் நுழைந்திருந்த ஆழத்தில் பெரும்பகுதி சீமெந்துப் பூச்சு. நுனி மட்டும் செங்கல்லைத் தொட்டிருக்கும். பிளக் கல்லைப் பிடிக்கவேயில்லை.

அடுத்தது அந்த அட்டை. இந்த வீட்டில் தினமும் தரை துடைக்கிறார்கள். கொழும்பில் யார்தான் துடைக்காமல் விடுகிறோம்? ஏழு மாத ஈரத்தில் அட்டை நைந்து தகடாகியிருந்தது. முன்கால்களுக்கு அடியில் தாங்கல் குறையக் குறைய அலுமாரியின் பாரம் பின்விளிம்பையும் பிராக்கட்டையும் நம்பத் தொடங்கியிருக்கிறது. ஒரு தட்டுப் புத்தகத்தைக் குளியலறைத் தராசில் வைத்துப் பார்த்தோம், 19 கிலோ. ஐந்து தட்டுக்கு 95. அலுமாரியோடு சேர்த்து 130 என்று வையுங்கள். பாரத்தின் நடு பின்விளிம்பிலிருந்து 15 சென்ரிமீற்றர் முன்னால், பிராக்கட் 180 உயரத்தில். கணக்குப் போட்டால் பிராக்கட் இழுத்துப் பிடிக்க வேண்டியது ஏறத்தாழ 11 கிலோ. ஒரு வாளித் தண்ணீரை இரவு பகலாகப் பூச்சில் தொங்கவிட்ட மாதிரி. பிள்ளை ஏறியதால் அலுமாரி விழுந்தது என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். பிள்ளை ஏறாவிட்டாலும் அது ஒருநாள் வந்திருக்கும்.

இன்னொன்றும் கண்டேன். அலுமாரியைப் படுக்கப் போட்டு மூலைக்கு மூலை அளந்தபோது ஒரு பக்கம் 197, மறுபக்கம் அதைவிட 9 மில்லிமீற்றர் குறைவு. சட்டம் கோணலாக இருக்கும்போதே பின்பலகையை ஆணி அடித்துவிட்டார்கள். இந்த வகை அலுமாரியின் நேர்த்தி முழுவதும் அந்த மெல்லிய பின்பலகையில்தான் இருக்கிறது. அது கோணினால் எந்தச் சுவரிலும் ஒட்டாது.

சுவர் ஈரம் எவ்வளவு என்று பார்க்க, பள்ளிப் புத்தகங்களுக்கு உறை போடும் பொலித்தீனில் ஓரடிச் சதுரம் இரண்டு வெட்டினோம். ஒன்றை மேற்குச் சுவரிலும் மற்றதை ஹோலுக்கும் படுக்கையறைக்கும் இடையிலுள்ள உட்சுவரிலும் நாலு பக்கமும் ரேப் போட்டு ஒட்டினோம். இரண்டு நாள் கழித்து மேற்குச் சுவர்த் துண்டின் உட்பக்கம் முத்து முத்தாக நீர். உட்சுவரில் ஒன்றுமில்லை.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு இடம் மாற்றுவது. மழை அடிக்கும் வெளிச்சுவரில் எந்த அலுமாரியையும் ஒட்டி வைக்கக்கூடாது என்று ரீச்சரிடம் நேரடியாகச் சொன்னேன். காற்றின் ஈரப்பதன் ஆண்டுச் சராசரியே 80 சதவீதத்தை ஒட்டி இருக்கும் ஊரில், ஈரச் சுவருக்கும் பலகைக்கும் இடையில் அடைபட்ட காற்று பூஞ்சணத்துக்கு நாற்றுமேடை. அங்கேயே வைக்க வேண்டுமென்றால் குறைந்தது 5 சென்ரிமீற்றர் இடைவெளி விட வேண்டும், மேலும் கீழும் காற்றுப் போக வேண்டும். ஒட்டித்தான் நிற்க வேண்டும் என்றால் உட்சுவர். அவர் கொஞ்ச நேரம் மேற்குச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சாய்கதிரைக்குப் பக்கத்தில் கை எட்டும் தூரத்தில் புத்தகம் வேண்டும் என்பதுதான் அவர் மனதில் இருந்தது என்று அப்புறம்தான் விளங்கியது. சரி, சாய்கதிரையையும் மாற்றுவோம் என்றதும் சம்மதித்தார்.

இரண்டாவது, ஸ்கேர்ட்டிங்கை என்ன செய்வது. உட்சுவரிலும் அதே 10 சென்ரிமீற்றர் ஸ்கேர்ட்டிங் இருக்கிறது. கிரைண்டர் வைத்து வெட்டி எடுக்கலாம், ஆனால் வீடு வாடகை வீடு. அலுமாரியின் பக்கப் பலகையில் ஸ்கேர்ட்டிங் அளவுக்கு மூலையை வெட்டி எடுப்பதுதான் பலரும் செய்வது. மருமகன் அதைத்தான் கேட்டார். படுத்திருந்த அலுமாரியில் அளந்து காட்டினேன். அடித்தட்டுப் பலகை தரையிலிருந்து 7 சென்ரிமீற்றரில் இருக்கிறது, அதாவது ஸ்கேர்ட்டிங்கின் தலையை விடத் தாழ்வு. பக்கப் பலகையை மட்டும் வெட்டினால் அடித்தட்டு போய் ஸ்கேர்ட்டிங்கில் முட்டும். அதையும் வெட்ட வேண்டும், பின்பலகையின் அடியையும் வெட்ட வேண்டும். வெட்டிய இடமெல்லாம் மெலமைன் போய்ச் சிப்போர்ட் வெறுமையாக நிற்கும். துடைக்கிற தண்ணீர் பட்டால் அது ஊறி உப்பும், காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது.

ஆகவே வெட்டாமல் உயர்த்துவது என்று முடிவெடுத்தோம். ஸ்கேர்ட்டிங்கை விட அரை சென்ரிமீற்றர் கூடுதலாக, 10.5 சென்ரிமீற்றர் உயரத்தில் மகோகனிச் சட்டத்தால் ஓர் அடிச்சட்டம். அது ஸ்கேர்ட்டிங்குக்கு முன்னால் நிற்கும், அலுமாரி அதன் மேல் ஏறிப் பின்பக்கம் ஸ்கேர்ட்டிங்குக்கு மேலாக நீட்டிச் சுவரைத் தொடும். அலுமாரியில் ஒரு வெட்டும் இல்லை. துடைக்கிற தண்ணீர் மரத்தில்தான் படும். வீடு மாறினால் கழற்றிக்கொண்டு போகலாம். தரைச் சரிவையும் அலுமாரியோடு மல்லுக்கட்டாமல் அடிச்சட்டத்திலேயே சரி செய்துவிடலாம்.

மூன்றாவது, பிளக். ஹார்ட்வெயர் கடைகள் நிறைந்த பழைய சோனகத் தெருவுக்குப் போய் 60 மில்லிமீற்றர் பிளக்கும் 70 மில்லிமீற்றர் ஸ்குரூவும் வாங்கி வந்தேன். துளை போட உரிமையாளரிடம் அனுமதி கேட்டது மகள். பிள்ளை விழப்போன கதையைச் சொன்னதும் அவர் மறுப்பே சொல்லவில்லை.

வேலை நடந்த இரண்டு நாள்

முதல் நாள் பின்பலகைகளைக் கழற்றினேன். பூஞ்சணம் பிடித்ததைத் தூக்கி எறிந்துவிட்டு 4 மில்லிமீற்றர் பிளைவூட் வெட்டி இரண்டு பக்கமும் வார்னிஷ் அடித்தோம். மூலைக்கு மூலை அளவு ஒன்றாக வரும்வரை சட்டத்தைத் தட்டித் தட்டி, மருமகன் அளவு ரேப்பைப் பிடிக்க நான் ஆணி அடித்தேன். ஒவ்வொரு மூலையிலும் ஒரு ஆணி, திரும்ப அளவு, அப்புறம்தான் மிச்ச ஆணி.

அடிச்சட்டத்தை வைத்து ரசமட்டம் போட்டோம். முன்பக்கம் 2 மில்லிமீற்றர் தாழ்வு, நீளவாக்கில் ஒரு முனை 5 மில்லிமீற்றர் தாழ்வு. ஆப்பு வைக்க மரத்துண்டும் வேண்டாம் அட்டையும் வேண்டாம் என்று ஐஸ்கிறீம் டப்பா மூடியைக் கீற்றுக் கீற்றாக வெட்டினேன். ஒரு கீற்று கிட்டத்தட்ட ஒரு மில்லிமீற்றர், தண்ணீரில் நையாது, பாரத்தில் அமுங்காது. பேரன் கீற்றுகளை எண்ணி எண்ணித் தந்தான். ஒரு கீற்றைச் செருகி எடுக்கும்போது மேலே அலுமாரித் தலை ஆறு மில்லிமீற்றர் போய் வருவதை மருமகன் பென்சில் கோடு போட்டுப் பார்த்தார். அதற்குப் பிறகு கீழ் மட்டத்தைப் பற்றி நான் வாய் திறக்கத் தேவையே இருக்கவில்லை. அவரே மூன்று தரம் சரி பார்த்தார்.

இரண்டாம் நாள் சுவர். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் நடுவில், இடுப்புக்குச் சற்று மேலே, பூச்சு 6 மில்லிமீற்றர் புடைத்திருக்கிறது. அலுமாரி அந்தப் புடைப்பில்தான் முட்டும், தலை சுவரைத் தொடாது. ஸ்குரூவை முறுக்கி அதை இழுத்தால் பழைய கதைதான். அதனால் பிராக்கட்டுக்கும் சுவருக்கும் இடையில் 6 மில்லிமீற்றர் பிளைவூட் துண்டை வைத்து, அலுமாரி தானாக நிற்கும் இடத்திலேயே பிராக்கட்டைப் பிடித்தேன். பிராக்கட் பிடிக்க வேண்டுமே தவிர இழுக்கக்கூடாது.

துளை போடுமுன் பிளக் பொயின்ற்றையும் சுவிட்சையும் பார்த்துக்கொண்டோம். வயர் பெரும்பாலும் அவற்றுக்கு நேர் மேலே அல்லது நேர் கீழே, சில வீடுகளில் கிடையாகவும், சுவருக்குள் ஓடும். அந்தக் கோடுகளை விட்டு விலகி இடம் குறித்தேன். 8 மில்லிமீற்றர் ட்ரில் பிட்டில் 60 மில்லிமீற்றர் ஆழம் தெரிய ரேப் சுற்றி அடையாளம். முதலில் சாம்பல் தூள். 18 மில்லிமீற்றரில் தூள் சிவந்தது. ரீச்சர் கீழே தாளை ஏந்திக்கொண்டு "செங்கல் வந்திட்டுது தம்பி" என்றார். அங்கிருந்து 42 மில்லிமீற்றர் செங்கல்லுக்குள். மூன்றாவது துளையில் சிவப்பு வந்த கையோடு திரும்பவும் சாம்பல் வந்தது, பிட்டும் வழுக்கிக்கொண்டு போனது. கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள சாந்து. அதை அடைத்துவிட்டு 4 சென்ரிமீற்றர் தள்ளிப் போட்டேன். இரண்டு அலுமாரிக்கும் சேர்த்து நாலு பிராக்கட், அலுமாரி இரண்டையும் ஒன்றோடொன்று பிணைக்க மூன்று போல்ட்.

மிச்சம் கண்ணுக்குத் தெரியும் பக்கம். கதவு நிலைப் பக்கமாகப் பார்த்தால் அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் நூலிடையில் தொடங்கி மேலே 6 மில்லிமீற்றர் வரை ஒரு கறுப்புக் கோடு. இரண்டு சென்ரிமீற்றர் அகல மரப்பட்டியைச் சுவரோடு சேர்த்து நிறுத்தி, ஒரு வாஷரின் ஓட்டையில் பென்சிலை வைத்து வாஷரைச் சுவரோடு உருட்டிக்கொண்டே வந்தேன். சுவரின் மேடு பள்ளம் அப்படியே பட்டியில் கோடாக விழுந்தது. கோட்டோடு சீவி உப்புத்தாள் போட்டு அலுமாரிப் பக்கத்தில் ஒட்டினோம். பல்லி போக வழியில்லை. ரீச்சர் ஒரு தபாலட்டையைச் செருகிப் பார்த்தார், போகவில்லை.

பிறகு

பெப்ரவரியில் போய்ப் பார்த்தேன். ஒக்டோபர், நவம்பர் மழையும் கடந்திருந்தது. அலுமாரித் தலையில் பென்சிலால் போட்டிருந்த அடையாளம் அசையவில்லை, பிராக்கட் நாலும் இறுக்கம். கீழ்த்தட்டிலிருந்து புத்தகங்களை எடுத்து டோர்ச் அடித்துப் பின்பலகையைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது, வாடையில்லை. புள்ளி பிடித்த ஒன்பது புத்தகங்களை ரீச்சர் வெயிலில் நேரடியாகப் போடாமல் நிழலில் காற்றாட விட்டுத் தூரிகையால் துடைத்திருக்கிறார். ஏழு பழையபடி தட்டில் இருக்கின்றன. இரண்டின் துணி பிய்ந்துவிட்டது, மாற்றிக் கட்டக் கொடுத்திருக்கிறார்.

பேரனின் கிறெயோன் டப்பா இப்போது அடித்தட்டில் இருக்கிறது. பாரமான புத்தகங்களும் கீழ் இரண்டு தட்டில்தான்.

மறுபடி செய்தால்

இரண்டு அலுமாரிக்கும் ஒரே அடிச்சட்டமாக 1.6 மீற்றரில் செய்தது பிழை. லிப்ட்டில் ஏற்றப் பட்ட பாடு போதும், வீடு மாறும்போது குடும்பம் திரும்பவும் அதைப் படும். தனித்தனியாகச் செய்து போல்ட் போட்டிருக்க வேண்டும்.

பொலித்தீன் பரிசோதனையை ஜனவரி, பெப்ரவரியில் செய்திருந்தால் மேற்குச் சுவர் காய்ந்ததாகக் காட்டியிருக்கும். எங்களுக்கு ஓகஸ்ட் வாய்த்தது. இனிமேல் வரண்ட மாதத்தில் கூப்பிடுகிறவர்களிடம், மே, ஜூனில் அந்தச் சுவர் எப்படி இருந்தது என்று முதலில் கேட்பேன்.

தட்டுகளின் நடுவை நான் கவனிக்கவில்லை. பெப்ரவரியில் நேர்கோல் வைத்துப் பார்த்தால் மூன்றாம் தட்டு நடுவில் 4 மில்லிமீற்றர் தொய்ந்திருந்தது. 76 சென்ரிமீற்றர் நீளத்துக்கு 16 மில்லிமீற்றர் சிப்போர்ட் இந்தப் பாரத்துக்குக் காணாது. பின்பலகையைக் கழற்றியிருந்த அன்றே ஒவ்வொரு தட்டின் பின்விளிம்புக்கு அடியிலும் ஒரு மரச்சட்டம் கொடுத்திருந்தால் அரை மணித்தியால வேலை. இப்போது புத்தகம் முழுவதையும் இறக்க வேண்டும். சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் இறக்குவதாகப் பேசியிருக்கிறோம். மகோகனித் துண்டு நாலு மிச்சம் இருக்கிறது, அளந்து பார்த்தேன், ஒரு அலுமாரிக்குக் காணும்.